கணிப்பொறியும் வலியறிதலும்

மயிலிறகைப்போல் இலேசான பொருள் வேறொன்று உண்டோ? ஆயினும் அந்த மயிலிறகையே அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு ஒடிந்துவிடும் என்று எச்சரித்தார் வள்ளுவர். திருக்குறளில் 48-ஆம் அதிகாரமாகிய 'வலியறிதல்' அரசியல் என்னும் இயலில் அமைந்தது, நாடாளுவோர்க்குச் சொல்லப்பட்டது. ஆனால் அதன் பொருளை அண்மையில் நான் உணர்ந்தது தாராவியில் எங்கள் வீட்டு மூலையிலுள்ள கணிப்பொறிப் பெட்டியில்! அவ்வனுபவத்தையும், அதன் வழியே கற்ற பாடத்தையும் மன்ற அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய கணிப்பொறி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, அதில் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பொருத்திக்கொள்ள விரும்பும் மாணவர் நம்மிடையே பலர். அவ்வாறு பொருத்துமுன், பெட்டிக்குள் இருக்கும் மின்வழங்கி அப்புதிய சுமையைத் தாங்குமா என்று ஆராய்ந்தறிய வேண்டும். எப்படி ஆராய்வது? பள்ளியில் கற்ற பெருக்கலும் கூட்டலும் போதும்.

ஆசையும் அச்சமும்

நான் எம்.எஸ்ஸி. இயற்பியல் பயில்பவன். திரவத்தில் மூலக்கூறுகள் எவ்வாறு அசைந்து இடம் பெயர்கின்றன என்பதைக் கணக்கிட்டுக் காண்பது என் இறுதியாண்டு ஆய்வு. கணிப்பொறியின் மூளையாகிய செயலி மட்டும் தனித்து இக்கணக்கைச் செய்தால் நாட்கணக்கில் ஆகும். கிராபிக்ஸ் கார்டு அப்படியன்று. ஒரே வகையான சிறு கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் செய்யவல்லது அது. 2021-ஆம் ஆண்டு வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 என்னும் கார்டில் 3,584 சிறு கணக்கிகள் உள்ளன. நான் வாங்க எண்ணியதும் அதுவே. துறையில் இருக்கும் இயந்திரத்திற்கோ எப்பொழுதும் வரிசை. ஆகவே செம்பூரில் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் பாடம் சொல்லிக் கொடுத்து, எட்டுத் திங்கள் சேர்த்த பணத்துடன் ஒருநாள் மாஹிமில் ரெயிலேறிக் கிராண்ட் ரோடில் இறங்கினேன். லாமிங்டன் ரோடு அங்கிருந்து நடக்கும் தொலைவு. கணிப்பொறிக்கு வேண்டியவை யாவும் கிடைக்கும் கடைத்தெரு அது.

"உங்கள் பெட்டியில் எத்தனை வாட் எஸ்.எம்.பி.எஸ்.?" என்று கடைக்காரர் இந்தியில் கேட்டார். மின்வழங்கிக்குக் கடைத்தெருவில் அதுவே பெயர். "450" என்றேன். "அப்படியானால் கவலை இல்லை, தாராளமாய்ப் போதும்" என்றார். கை சட்டைப் பைக்குள் போயிற்று. அந்நேரத்தில் செம்பூர் நண்பர் ஒருவரின் முகம் நினைவுக்கு வந்தது.

இரண்டு திங்களுக்கு முன் அவரும் இவ்வாறே ஒரு கார்டு வாங்கிப் பொருத்தினார். இரண்டு நாள் நன்றாகவே ஓடிற்று. மூன்றாம் நாள் இரவு பெட்டிக்குள் பட்டென்று ஓர் ஓசை. பின் கருகிய நாற்றம். மின்வழங்கி எரிந்ததோடு நில்லாமல் மதர்போர்டையும் வட்டையும் உடன் அழைத்துக்கொண்டு போயிற்று. "பணம் போனது கூடப் பெரிதில்லை. ஆறு மாதக் கணக்கு அந்த வட்டில் இருந்தது. நகல் எடுக்காமல் விட்டேன்" என்று அவர் சொன்னபொழுது எனக்கு ஆறுதல் சொல்ல வாய் வரவில்லை.

"நாளை வருகிறேன்" என்று கடைக்காரரிடம் கூறிவிட்டுத் திரும்பினேன். ரெயிலில் வரும்பொழுது என் மேலேயே எனக்கு வெட்கமாயிருந்தது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன் வரும் என்று பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள் சொல்லிக் கொடுக்கிறேன். என் வீட்டுப் பெட்டியின் பக்கவாட்டில் அதே கணக்கு அச்சிட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. அதை நான் ஒருநாளும் படித்ததில்லை!

மின்வழங்கி செய்யும் வேலை

கணிப்பொறிக்கு மின்சாரமே உணவு. 1946-இல் அமெரிக்காவில் மக்கள் பார்வைக்கு வந்த எனியாக் சுமார் 18,000 வெற்றிடக் குழல்களைக் கொண்டது. ஏறத்தாழ 150 கிலோவாட் மின்திறனை விழுங்கிற்று. நம் மும்பை மாநகரிலேயே டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், ஆர். நரசிம்மன் அவர்கள் தலைமையில் உருவாகி 1960-இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் என்னும் கணிப்பொறியும் வெற்றிடக் குழல்களால் ஆனதே. இன்றைய கணிப்பொறி எவ்வளவோ சிறுத்துவிட்டது. ஆயினும் அதன் பசி முற்றும் அடங்கிவிடவில்லை. நான் வாங்க எண்ணிய கார்டு ஒன்றே 170 வாட் கேட்கிறது. அஃதாவது, பழைய வகை மின்விசிறிகள் இரண்டு ஒருசேரச் சுழல்வதற்கு ஆகும் மின்திறனைக் காட்டிலும் அதிகம்.

வீட்டுச் சுவரிலிருந்து நாம் பெறுவது 230 வோல்ட் மாறுமின்னோட்டம். கணிப்பொறியின் உறுப்புகளுக்கு வேண்டியதோ 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் ஆகிய நேர்மின்னோட்டங்கள். மின்வழங்கி முதலில் 230 வோல்ட்டைத் திருத்தி நேர்மின்னோட்டம் ஆக்குகிறது. 230 என்பது சராசரி வகைப்பட்ட அளவு. அலையின் உச்சியில் அது 325 வோல்ட். அந்த உயரழுத்தம் பெரிய மின்தேக்கிகளில் தங்குகிறது. பின்னர் அதனை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விட்டு, ஒரு சிறு மின்மாற்றியின் வழியே இறக்கி, மறுபடியும் திருத்தி வெளியே அனுப்புகிறது. அதிர்வெண் உயர உயர மின்மாற்றியின் பருமன் குறையும். இவ்வளவு மின்திறனைத் தரும் கருவி ஒரு செங்கல் கட்டி அளவுள்ள பெட்டியில் அடங்கியது இதனால்தான்.

இங்கு ஓர் எச்சரிக்கை. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அம்மின்தேக்கிகளில் உயரழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும். ஆகவே மின்வழங்கியின் மூடியை எக்காரணம் கொண்டும் திறத்தல் ஆகாது. நாம் செய்யப் போவதெல்லாம் வெளியே ஒட்டிய அட்டவணையைப் படிப்பதுதான்.

அட்டவணை கூறிய உண்மை

வீடு வந்து பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றினேன். அட்டவணையில் கண்டது இது: 3.3 வோல்ட்டில் 14 ஆம்பியர். 5 வோல்ட்டில் 16 ஆம்பியர். 12 வோல்ட்டில் 18 ஆம்பியர். இவற்றோடு எதிர்மறை 12 வோல்ட்டில் 0.3 ஆம்பியரும், காத்திருப்பு 5 வோல்ட்டில் 2 ஆம்பியரும் இருந்தன.

ஒவ்வொன்றையும் பெருக்கிப் பார்ப்போம். 3.3 வோல்ட்டில் 46 வாட். 5 வோல்ட்டில் 80 வாட். 12 வோல்ட்டில் 216 வாட். மற்ற இரண்டும் சேர்ந்து 14 வாட்டுக்கும் குறைவு. எல்லாவற்றையும் கூட்டினாலும் 356 வாட்டைத் தாண்டவில்லை. அப்படியானால் பெரிய எழுத்தில் கண்ட '450' எங்கே போயிற்று? மறுபடியும் உற்று நோக்கினேன். 450 என்பது அதன் மாதிரிப் பெயரின் ஒரு பகுதி. 'வாட்' என்ற சொல் அருகில் எங்கும் இல்லை!

தொண்ணூறடிச் சாலையில் கணிப்பொறி பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் இதைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, பேர்ல என்ன நம்பர் வேணும்னாலும் போடலாம். பன்னெண்டு வோல்ட்டுக்கு நேரா எத்தன ஆம்பியர்னு மட்டும் பாருங்க" என்றார். அவர் கல்லூரி வாயிலை மிதித்தவர் அல்லர். ஆனால் கூறியது முழு உண்மை.

ஏன் 12 வோல்ட்? கணிப்பொறியில் மிகுதியாய் மின்சாரம் உண்போர் இருவர்: செயலியும் கிராபிக்ஸ் கார்டும். இருவர்க்கும் உணவு வருவது 12 வோல்ட் வழியாகத்தான். 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் எவ்வளவு மிஞ்சிக் கிடந்தாலும் அது இவர்களுக்கு உதவாது. பக்கத்து வயலில் வாய்க்கால் நிரம்பி ஓடலாம். நம் வயலுக்கு மடை இல்லையெனில் பயன் என்ன?

கூட்டல் கணக்கு

இனி, தேவையைக் கணக்கிடுவோம். கார்டுக்கு 170 வாட் என்று அதைச் செய்தவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். என் செயலி 65 வாட் வகை. அதற்கு மின்சாரத்தை இறக்கித் தரும் சுற்றில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து 75 வாட் என்று கொள்ளலாம். விசிறிகளுக்கும் வட்டைச் சுழற்றும் மோட்டாருக்கும் 15 வாட். ஆக, 12 வோல்ட் வழியில் மட்டும் 260 வாட். மதர்போர்டு, நினைவகம் முதலியவை மற்ற இரு வழிகளில் பெறுவதை 30 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 290 வாட்.

கடைக்காரர் சொன்னபடி 450-ஐயும் 290-ஐயும் ஒப்பிட்டால் 160 வாட் மிச்சம், கவலையே இல்லை. 260 வாட்டை 12-ஆல் வகுத்துப் பாருங்கள்: 21.7 ஆம்பியர். என் வழங்கி தரக்கூடியதோ 18 ஆம்பியர். மிச்சம் என்று எண்ணிய இடத்தில் 44 வாட் பற்றாக்குறை! நண்பரின் வீட்டில் நடந்தது என் வீட்டிலும் நடந்திருக்கும் என்று எண்ணியபொழுது உடல் சற்று நடுங்கிற்று. எங்கள் வீடு ஒரே அறை; அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் தம்பி படுத்துறங்குவான்.

சுமை மிகுந்தால் என்ன ஆகும்? தரமான வழங்கி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அதற்கென்று காப்புச் சுற்று அதில் உண்டு. மலிவான வழங்கி சிலவற்றில் அக்காப்பு இல்லை. இருந்தாலும் ஒழுங்காய் இராது. 12 வோல்ட் சிறிது சிறிதாக இறங்கும். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. மின்விளக்குக்கு அழுத்தம் குறைந்தால் அது மங்கி, குறைவாக உண்ணும். கிராபிக்ஸ் கார்டோ தன் வேலைக்கு வேண்டிய வாட்டைக் குறைத்துக்கொள்வதில்லை. 12 வோல்ட்டில் 170 வாட்டுக்கு 14.2 ஆம்பியர் போதும். அழுத்தம் 11-க்கு இறங்கினால் 15.5 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த மாட்டின் மேல் மேலும் பாரம் ஏற்றியது போல ஆகிறது. வழங்கி மேலும் சூடேறுகிறது, முடிவில் எரிகிறது.

கோடை வெப்பத்தையும் கடலோரப் புழுக்கத்தையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். சில வழங்கிகளின் அளவு 25 பாகை வெப்பத்தில் கணித்தது. தரமானவை 40 அல்லது 50 பாகையில் கணித்தவை. மே மாதத்தில் நம் அறைக்குள்ளேயே 25 பாகை கிடையாது. பெட்டிக்குள் எப்படி இருக்கும்? மின்தேக்கியின் வெப்பம் 10 பாகை உயர்ந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுவியலார் கைக்கொள்ளும் பொது விதி. ஆகவே பழைய வழங்கியை அதன் அட்டவணை சொல்லும் அளவுக்கு நம்புதலும் தகாது.

கண நேரப் பாய்ச்சல்

கூட்டல் சரியாக வந்துவிட்டால் போதுமா? இன்னும் ஒன்று உண்டு. இதனை விளக்க எங்கள் வீட்டு கிரைண்டரை உதவிக்கு அழைக்கிறேன்.

என் தாயார் நாள்தோறும் இட்லி அவித்து விற்பவர். விடியற்காலை நான்கு மணிக்குக் கிரைண்டரின் பித்தானை அழுத்துவார். அக்கணமே அறையின் விளக்கு ஒருமுறை மங்கி மீண்டும் ஒளிரும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் பெறும் மின்னோட்டத்தைப்போல் ஐந்து, ஆறு மடங்கைப் புறப்படும் மோட்டார் ஒரு கணம் இழுப்பதே அதற்குக் காரணம்.

கிராபிக்ஸ் கார்டும் இத்தகையதே. 170 வாட் என்பது அதன் சராசரிப் பசி. கடினமான கணக்கு திடீரென வரும்பொழுது ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி, அதற்கும் குறைவான நேரம், அது சராசரியைப்போல் இருமடங்கு வரை பாய்ந்து இழுத்தல் கூடும். 2020-ஆம் ஆண்டு வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 3080, 3090 ஆகிய கார்டுகளைப் பொருத்தியவர் சிலர், கணக்குப்படி போதுமான வழங்கியும் திடீர் திடீரென நின்று போவதைக் கண்டனர். இப்பாய்ச்சலைச் சுமை மீறியதாக எண்ணிக் காப்புச் சுற்று நிறுத்தியதே காரணம். 2022-ஆம் ஆண்டு இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 என்னும் விதிமுறை, புதிய 16 ஊசி இணைப்பைக் கொண்ட பெரிய வழங்கிகள் தம் அளவின் இருமடங்கை 100 மைக்ரோ விநாடி வரை தாங்க வேண்டும் என்று வகுத்தது.

ஆகவே கார்டின் அளவை ஒருமுறை அல்ல, இருமுறை கூட்டிப் பார்த்தல் நலம். எனக்கு 260-உடன் மற்றுமோர் 170. ஆக 430 வாட். 12 வோல்ட்டில் 36 ஆம்பியர். அதற்குக் குறையாத வழங்கியே எனக்கு ஏற்றது. ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 550 வாட் வழங்கி வேண்டும் என்று என்விடியா பரிந்துரைத்ததும் இக்கணக்கோடு பொருந்துகிறது.

வழிகளும் வடங்களும்

மொத்த வலிமை போதும். ஆனால் அது செல்லும் பாதையும் தாங்க வேண்டும் அல்லவா? கார்டுக்கு மின்சாரம் இரு பாதைகளில் வருகிறது. கார்டு செருகும் மதர்போர்டுப் பள்ளம் 75 வாட் வரை தரும். அதில் 12 வோல்ட்டின் பங்கு 66 வாட். எஞ்சியது வழங்கியிலிருந்து நேரே வரும் வடத்தின் மூலம் வரும். 6 ஊசி வடம் 75 வாட்டுக்கும், 8 ஊசி வடம் 150 வாட்டுக்கும் உரியவை. 2019-இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1650 போன்ற 75 வாட் கார்டுகள் பல பள்ளத்தின் மின்சாரத்தைக் கொண்டே இயங்கும். தனி வடம் வேண்டா. சிறிய வழங்கி உடையோர்க்கு அவை நல்ல துணை.

பாதையை மறந்தால் பெரிய நிறுவனங்களும் இடறும். 2016 ஜூன் திங்களில் ஏஎம்டி நிறுவனம் ஆர்எக்ஸ் 480 என்னும் 150 வாட் கார்டை ஒரே ஒரு 6 ஊசி வடத்துடன் வெளியிட்டது. பள்ளத்தில் 75, வடத்தில் 75 என்று ஏட்டுக் கணக்கு சரியாகவே இருந்தது. அளந்து பார்த்தவர்களோ, கார்டு பள்ளத்திலிருந்து வரம்பு மீறி இழுப்பதைக் கண்டு சொன்னார்கள். அடுத்த திங்களிலேயே அந்நிறுவனம் மென்பொருள் திருத்தம் வெளியிட்டுச் சுமையைச் சீர்செய்தது.

கார்டு கேட்கும் வடம் வழங்கியில் இல்லையெனில், மாற்று இணைப்பான் ஒன்றைக் கடையில் தருவர். வட்டுக்கு உரிய சாட்டா இணைப்பின் 12 வோல்ட் ஊசிகள் தாங்குவது 4.5 ஆம்பியர், அஃதாவது 54 வாட். அதனை 75 வாட் கேட்கும் 6 ஊசியாக மாற்றினால் இணைப்பு உருகாமல் என்ன செய்யும்? வழங்கியில் உரிய வடம் இல்லாமை, 'இச்சுமை என்னால் ஆகாது' என்று அது தானே கூறும் சொல் எனக் கொள்ளலாம்.

உரிய வடமாயினும் முழுமையாகச் செருக வேண்டும். 16 ஊசி இணைப்பு 600 வாட் வரை தரவல்லது. கணக்கிட்டால் 50 ஆம்பியர். ஆறு ஊசிகளுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றிலும் 8 ஆம்பியருக்கு மேல். 2022 அக்டோபரில் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் இவ்விணைப்பு உருகிப் போயிற்று. முழுதும் செருகாமல் விட்டதே பொதுவாகக் காணப்பட்ட குறை என்று அவ்வாண்டு நவம்பரில் என்விடியா கூறிற்று. தொடும் பரப்பு குறைந்தால் மின்தடை கூடும். தடை கூடினால் வெப்பம் கூடும். பள்ளியில் கற்ற பாடமே.

அலுவலகங்களிலிருந்து பழையதாய் விலைக்கு வரும் கணிப்பொறிகளை வாங்குவோர் மற்றொன்றும் கவனிக்க வேண்டும். அவற்றுள் சிலவற்றின் மின்வழங்கி தனிப்பட்ட அளவும் தனிப்பட்ட ஊசியமைப்பும் உடையது. கடையில் விற்கும் பொது வகை அதில் பொருந்தாது. பணம் கொடுக்குமுன் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுதல் அறிவுடைமை.

அளந்து பார்த்தல்

மறுவாரம் அதே கடைத்தெருவுக்குச் சென்றேன். கார்டு வாங்கவில்லை, மின்வழங்கி வாங்கினேன். 550 வாட், 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், அஃதாவது 540 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உடையது. 80 பிளஸ் என்பது 2004-இல் தொடங்கிய திறன் முத்திரை. சுவரிலிருந்து பெறும் மின்சாரத்தில் குறைந்தது நூற்றுக்கு 80 பங்கைப் பயனாகத் தர வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. முத்திரை இருப்பதாலேயே வழங்கி எல்லா வகையிலும் சிறந்ததாகிவிடாது. வீணாகும் வெப்பம் குறைவு என்பதற்கு மட்டுமே அது சான்று.

கையிலிருந்த பணம் அதற்கு ஒரு பகுதி கழிந்ததால் கார்டு வாங்குவது மேலும் ஒரு திங்கள் தள்ளிப்போயிற்று. இறுதியில் கார்டு வந்தது, பொருத்தினேன். செயலி, கார்டு இரண்டுக்கும் முழு வேலை கொடுத்து அரை மணி நேரம் ஓடவிட்டேன். சுவரில் செருகும் வாட்மீட்டர் 310 வாட் காட்டிற்று. நூற்றுக்கு 85 பங்கு பயன் எனக் கொண்டால், வழங்கி உள்ளே தந்தது சுமார் 264 வாட். என் மதிப்பீடு 290. எல்லா உறுப்புகளும் ஒரே நேரத்தில் உச்சத்தை எட்டாமையால் இவ்வேறுபாடு. கணக்கும் அளவும் இவ்வளவு நெருங்கி வந்ததில் எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

பின்னர் மல்ட்டிமீட்டரை எடுத்து, பயன்படாதிருந்த வட்டு இணைப்பு ஒன்றின் மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே அளந்தேன். ஓய்வில் 12.10 வோல்ட், முழுச் சுமையில் 11.96. விதிப்படி இது 11.4-க்குக் கீழும் 12.6-க்கு மேலும் போகலாகாது. தேர்வில் தேறியது வழங்கி!

இத்தனையும் பார்த்துக்கொண்டிருந்த தாயார், "ஏலே, நான் கிரைண்டர் போட்டா உன் பெட்டி நின்னுராதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி! ஆராய்ச்சியாளனாகிய எனக்குத் தோன்றாத கேள்வி. உடனே சோதித்தோம். கார்டு முழு வேகத்தில் ஓடும்பொழுதே கிரைண்டரைப் போட்டார். விளக்கு மங்கிற்று, கணிப்பொறி அசையவில்லை. சுவரின் மின்சாரம் நூற்றில் ஒரு பங்கு விநாடி தடுமாறினாலும், மின்தேக்கிகளில் சேர்த்து வைத்த ஆற்றலைக் கொண்டு தரமான வழங்கி சமாளித்துவிடும்.

ஆனால் அவர் கேள்வி மற்றொரு பிழையைக் காட்டிற்று. கிரைண்டரும் கணிப்பொறியும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகப்பட்டிருந்தன. கணிப்பொறிக்கு ஒன்றரை ஆம்பியருக்குள் அடங்கும். அரைக் குதிரைத்திறன் மோட்டாரோ புறப்படும் கணத்தில் 15 ஆம்பியர் வரை இழுக்கலாம். பலகையோ 6 ஆம்பியர் வகை. வழங்கியின் வலியை அறிந்தவன் பலகையின் வலியை மறந்தேன்! அன்றே கிரைண்டரைச் சுவரிலுள்ள பெரிய பிளக்குக்கு மாற்றினோம். யூ.பி.எஸ். வைத்திருப்போரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். 600 வி.ஏ. என்று விற்கப்படுவன பெரும்பாலும் 360 வாட் அளவினவே. அதில் கணிப்பொறியோடு திரையும் சேரும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். கார்டு கேட்கும் வாட்டும் வடமும் யாவை என்று முதலில் அறிக. வழங்கியின் பெயரிலுள்ள எண்ணை விட்டு, 12 வோல்ட்டுக்கு நேரேயுள்ள ஆம்பியரைப் படிக்க. செயலி, கார்டு, விசிறிகள் ஆகியவற்றின் தேவையைக் கூட்டி, கார்டின் பாய்ச்சலுக்கு இடம் விட்டு ஒப்பிடுக. மாற்று இணைப்பான்களை நம்பற்க. பொருத்திய பின் அளந்து பார்க்க. எல்லாவற்றிற்கும் முன், வட்டிலுள்ளவற்றை நகல் எடுத்து வேறிடத்தில் வைக்க.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். சுரைக்காயின் மேல் குற்றம் இல்லை. ஏட்டை மூடிவிட்டு அடுப்பங்கரைக்குப் போகும் நம் மேல்தான் குற்றம். வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கித் தந்த அதே சூத்திரம், வீட்டில் எட்டுத் திங்கள் உழைப்பைக் காக்கவும் வல்லது. அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டும், அவ்வளவே.

செம்பூர் நண்பர் இப்பொழுது மறுபடியும் ஒரு கணிப்பொறி சேர்த்துக் கொண்டிருக்கிறார். சென்ற ஞாயிறு மாட்டுங்காவில் சந்தித்து, காப்பி அருந்திக்கொண்டே அவருடைய புதிய வழங்கியின் அட்டவணையை இருவருமாகக் கூட்டிப் பார்த்தோம். 12 வோல்ட்டில் போதுமான அளவு மிச்சம் இருந்தது. போன ஆறு மாதக் கணக்கை முதலிலிருந்து தொடங்கிவிட்டார். இம்முறை ஒவ்வோர் இரவும் நகல் எடுக்கிறார். மன்ற அன்பர்களில் எவரேனும் கார்டு வாங்க எண்ணினால், வாங்குமுன் தம் வழங்கியின் அட்டவணையைப் படம் பிடித்துக்கொண்டு வருக. சேர்ந்து கணக்கிடுவோம்; பத்து நிமிட வேலைதான்.